பழைய பித்தளை நுண்ணோக்கியின் மதிப்பு எதில் இருக்கிறது?

2021 டிசம்பரில் லண்டனில் கிறிஸ்டீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு சிறிய பித்தளை நுண்ணோக்கி 5,98,500 பவுண்டுக்கு விலைபோனது. 1825ஆம் ஆண்டையொட்டி சார்ல்ஸ் கூல்ட் என்பவர் வடிவமைத்து, கேரி என்ற லண்டன் நிறுவனத்தின் பெயரில் வெளிவந்த கருவி அது. ஏலத்துக்கு முன் அதற்குக் கணித்திருந்த உச்ச விலை மூன்றரை லட்சம் பவுண்டுதான். தன் பெட்டியின் மேலேயே திருகி நிறுத்திக்கொள்ளும்படி அமைந்த இந்தக் கேரி–கூல்ட் வகைக் கருவிகள் அப்படியொன்றும் அரியவை அல்ல. அவை அந்தத் தொகையின் மிகச் சிறிய பங்குக்கே இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. விலையை அந்த உயரத்துக்குக் கொண்டுபோனது அதன் உடைமையாளரின் பெயர். சார்ல்ஸ் டார்வின் 1864இல் தன் மகன் லியனார்டுக்குக் கொடுத்த கருவி அது. குடும்பத்தை விட்டு வெளியே போகாமல் இருந்து ஏலத்துக்கு வந்தது.

புகழ்பெற்றவரின் கைபட்ட பொருளுக்குக் கூடும் விலை அந்தப் பொருளைப் பற்றி அதிகம் எதையும் சொல்லிவிடாது. டார்வினின் பேனாவுக்கும் அதே கதிதான். அத்தகைய பெயர் எதுவும் ஒட்டாத ஆயிரக்கணக்கான பித்தளை நுண்ணோக்கிகள் சேகரிப்போரிடையே உலவுகின்றன. அவற்றுள் ஒன்றைப் பொக்கிஷமாகவும் மற்றொன்றை மேசை அலங்காரமாகவும் கருதச் செய்வது எது என்பதே பயனுள்ள கேள்வி. வயது என்று பலரும் பதில் சொல்வார்கள். பளபளப்பு என்றும் சிலர் நினைப்பார்கள். இரண்டும் தவறான வழிகாட்டிகள். ஒரு கருவி எந்த ஒளியியல் சிக்கலுக்கு அல்லது எந்த இயந்திரச் சிக்கலுக்கு விடையாகச் செய்யப்பட்டதோ, அந்த விடையின் தடயங்கள் எவ்வளவு சிதையாமல் அதில் எஞ்சியிருக்கின்றன என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமைகிறது.

நுண்ணோக்கி தொடக்கத்திலேயே பித்தளையில் பிறந்துவிடவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட வில்லைகளை ஒரு குழாயில் அடுக்கிய 17ஆம் நூற்றாண்டின் கூட்டு நுண்ணோக்கிகளுக்குக் குழாய் என்பது அட்டையும் தோலும் மரமுமாக இருந்தது. அதே காலத்தில் டெல்ஃப்ட் நகரில் ஆண்டனி வான் லீவன்ஹூக் பித்தளையிலும் வெள்ளியிலும் செய்துகொண்டவை விரலளவு தகடுகளுக்கு இடையில் ஒற்றை வில்லையைப் பொதித்த கருவிகள். அவற்றின் வழி தனி வழி. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவலாக விற்ற எட்மண்ட் கல்பெப்பர் வகை நுண்ணோக்கியிலும் தோல் போர்த்திய அட்டைக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நழுவுவதே குவியப்படுத்தும் முறை. மூன்று கால்கள் மேடையைச் சூழ்ந்து நின்றதால் பார்க்க வேண்டிய பொருளை நகர்த்தக் கை நுழைவதே கடினம். காற்றின் ஈரத்துக்கேற்பக் குழாய் இறுகும், தளரும். மயிரிழையளவு நகர்த்த நினைத்தால் ஒரு குதி குதிக்கும்.

இந்தக் குறைகளை ஹென்றி பேக்கர் என்ற ஆர்வலர் எடுத்துச் சொல்ல, லண்டன் ஃப்ளீட் தெருவில் கடை வைத்திருந்த ஜான் கஃப் 1744இல் புதிய வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தார். குழாயைப் பக்கவாட்டில் நின்ற ஒரு பித்தளைத் தூண் தாங்கியது. மேடை முழுவதும் திறந்திருந்தது. ஒரு நீண்ட மரைத்திருகைச் சுழற்றினால் குழாய் மெல்ல ஏறி இறங்கியது. பித்தளை வந்ததற்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது. செம்பும் துத்தநாகமும் கலந்த இந்த உலோகம் கடைசலுக்கு இணங்கும், துருப்பிடிக்காது, நுண்ணிய மரையைத் தாங்கும், எழுத்துப் பொறிக்க இடங்கொடுக்கும். ஒரு மில்லிமீட்டரில் சிறு பின்னத்தை நம்பிக்கையோடு நகர்த்த வேண்டும் என்ற தேவை எழுந்ததும் அட்டையும் மரமும் விலக வேண்டியதாயிற்று. கஃபின் வடிவத்தை லண்டனிலும் ஐரோப்பாவின் பிற நகரங்களிலும் பலர் பின்பற்றினர். எனவே ‘கஃப் வகை’ என்று விற்பனைப் பட்டியலில் காண்பது வடிவத்தின் பெயரே ஒழிய, செய்தவரின் பெயராக இருக்க வேண்டியதில்லை.

இயந்திரம் இவ்வளவு முன்னேறிய பிறகும் கண்ணாடி பின்தங்கியே இருந்தது என்பதைச் சேகரிப்பில் புதிதாக இறங்குவோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஒரு சாதாரண வில்லை நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் ஒரே தொலைவில் குவிப்பதில்லை. அதனால் பிம்பத்தின் விளிம்பில் வண்ணக் கரை படியும். உருப்பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட அந்தக் கரையும் தடிக்கும். 18ஆம் நூற்றாண்டின் அழகிய கூட்டு நுண்ணோக்கிகள் பலவற்றில் ஈயின் காலைப் பார்த்து வியக்கலாம். அதற்கு மேல் நுணுகிப் போனால் எது பொருள், எது வில்லையின் பிழை என்று பிரித்தறிய முடியாது. இதனால்தான் கடுமையான ஆய்வில் இறங்கியவர்கள் நெடுங்காலம் ஒற்றை வில்லைக் கருவிகளையே நம்பினர். தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன் 1827இல் மகரந்தத்துக்குள் இருந்த நுண்துகள்களின் ஓயாத அசைவை ஆராய்ந்ததும் அத்தகைய எளிய கருவியின் துணையோடுதான். பார்வைக்கு ஒன்றுமில்லாததுபோல் தோன்றும் அந்தக் கையடக்கக் கருவிகள், தம்மைவிட மூன்று மடங்கு உயரமான அலங்காரக் கருவிகளைவிட அறிவியலில் அதிகம் சாதித்திருக்கின்றன.

நிலைமையைத் திருப்பியவர் மது வணிகம் செய்துவந்த ஜோசப் ஜாக்சன் லிஸ்டர். கிருமிநாசினி முறையை அறுவை மருத்துவத்தில் புகுத்திய ஜோசப் லிஸ்டரின் தந்தை. இருவகைக் கண்ணாடிகளை ஒட்டி அந்த வண்ணக் கரையை, அதாவது நிறப்பிறழ்ச்சியைக் குறைக்கும் முறை தொலைநோக்கிகளில் ஏற்கெனவே இருந்தது. அத்தகைய வில்லைகளை நுண்ணோக்கிக்காக அடுக்கினால், வில்லையின் விளிம்பும் நடுவும் ஒளியை ஒரே புள்ளியில் குவிக்காத கோளப்பிறழ்ச்சி கூடிக்கொண்டே போனது. அவற்றைக் கணக்கிட்ட இடைவெளியில் அமைத்தால் ஒன்றின் பிழையை மற்றொன்று ஈடுகட்டும் என்பதை லிஸ்டர் 1830இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். சேகரிப்பாளர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டிய ஆண்டுகளுள் இது முதன்மையானது. இதற்கு முந்தைய கூட்டு நுண்ணோக்கிகள் பெரும்பாலும் கைவினைக்காகச் சேகரிக்கப்படுகின்றன. இதற்குப் பிந்தையவை இன்றும் கண் வைத்துப் பார்க்கத் தகுந்தவை.

1839இல் லண்டனில் மைக்ராஸ்கோப்பிக்கல் சொசைட்டி என்ற நுண்ணோக்கி ஆர்வலர் சங்கம் தொடங்கியது. அதைச் சுற்றி ஆண்ட்ரூ ராஸ், ஹியூ பவல், ஜேம்ஸ் ஸ்மித் ஆகிய மூவரும் போட்டியிட்டு வளர்த்த தொழிலே விக்டோரியா காலப் பித்தளை நுண்ணோக்கிகளின் பொற்காலம். மாதிரியின் மேல் வைக்கும் மெல்லிய மூடுகண்ணாடியின் தடிமன் மாறும்போது பிம்பம் கெடுவதைச் சரிசெய்ய, சுழற்றித் திருத்தக்கூடிய வளையத்தைப் பொருளருகு வில்லையில் பொருத்தியவர் ராஸ். பவல் தன் மைத்துனர் பீட்டர் லீலண்டைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு நிறுவிய ‘பவல் அண்ட் லீலண்ட்’ பெயரைத் தாங்கிய கருவிகள், குறிப்பாக அகன்ற முக்காலியில் நிற்கும் அவர்களது முதலாம் எண் நுண்ணோக்கி, இன்றும் இத்துறையில் தனி மரியாதை பெறுபவை. அவை குறைந்த எண்ணிக்கையிலேயே செய்யப்பட்டன. பலவற்றில் நிறுவனத்தின் முகவரியோடு ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பெரிய கருவிகளில் ஒன்றின் நுண்குவியத் திருகைத் தொட்டுச் சுழற்றிப் பார்த்தவர்களுக்கு விலை ஏன் அப்படி என்பதைத் தனியே விளக்க வேண்டியிருக்காது.

ஐரோப்பியக் கண்டத்தில் போக்கு வேறு. ஆங்கிலக் கருவி வசதியுள்ள ஆர்வலரின் வரவேற்பறைக்கானது. பாரிஸிலும் ஜெர்மனியிலும் செய்யப்பட்டது மருத்துவ மாணவரின் மேசைக்கானது. பாரிஸில் ஜார்ஜ் ஓபர்ஹாய்சர் குட்டையான, உறுதியான, குதிரைலாட அடி கொண்ட வடிவத்தை நிலைநிறுத்தினார். அவருக்குப் பின் எட்மண்ட் ஹார்ட்நாக் அதைத் தொடர்ந்தார். ஜேனாவில் 1846இல் பட்டறை திறந்த கார்ல் சைஸ், வெட்ஸ்லாரில் கெல்னரின் பட்டறையை ஏற்று நடத்திய எர்ன்ஸ்ட் லைட்ஸ் ஆகியோர் இந்த எளிய வடிவத்தைப் பெருமளவில் உற்பத்தி செய்தனர். சைஸின் ஆயிரமாவது நுண்ணோக்கி 1866இல் முடிந்தது, பத்தாயிரமாவது 1886இல். லைட்ஸ் தன் ஒரு லட்சமாவது கருவியை 1907இல் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக்குக்குப் பரிசளித்தது. இந்த எண்களை வைத்துப் பார்த்தால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ஜெர்மன் கருவி ‘நூறாண்டு பழமையானது’ என்பதால் மட்டும் அரிதாகிவிடாது என்பது விளங்கும். விலையில் இவை தாழ்ந்தே நிற்கின்றன. ஆனால் சைஸோடு பணியாற்றிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபேயின் கணக்கீடுகளும் கண்ணாடி வேதியியலாளர் ஓட்டோ ஷாட்டின் புதுக் கண்ணாடிகளும் இந்த வரிசையில்தான் வந்துசேர்ந்தன. நுண்ணுயிரியல் வளர்ந்ததும் பெரும்பாலும் இவற்றின் கீழ்தான். சந்தை இதைப் போதிய அளவு பொருட்படுத்துவதில்லை என்பது என் கருத்து. குறைந்த செலவில் நல்ல சேகரிப்பைத் தொடங்க நினைப்பவர்களுக்கு அதில் லாபமும் இருக்கிறது.

கருவியில் பொறித்திருக்கும் பெயரைப் படிப்பது ஒரு தனிக் கலை. முதலில், பெயர் என்பது செய்தவரின் பெயராகவே இருக்க வேண்டியதில்லை. கேரியின் பெயரில் கூல்டின் வடிவம் வந்ததுபோல, விற்றவரின் பெயர் மட்டும் பொறித்து வெளிவந்தவை ஏராளம். அடுத்து, பெயரின் வடிவமே காலத்தைச் சொல்லும். ஜேம்ஸ் ஸ்மித் 1847இல் ரிச்சர்ட் பெக்கைக் கூட்டுச் சேர்த்ததும் ‘ஸ்மித் அண்ட் பெக்’ ஆனது. 1857இல் ஜோசப் பெக்கும் சேர ‘ஸ்மித், பெக் அண்ட் பெக்’. ஸ்மித் விலகியபின் 1860களின் நடுவிலிருந்து ‘ஆர். அண்ட் ஜே. பெக்’. ஹார்ட்நாக்கின் கருவியில் பாரிஸோடு போட்ஸ்டாமும் சேர்ந்து காணப்பட்டால் அது பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த 1870ஆம் ஆண்டுப் போருக்குப் பிந்தையது. ஜெர்மானியரான அவர் அந்தப் போரால் பாரிஸை விட்டு வெளியேற நேர்ந்தது. சைஸ், லைட்ஸ் போன்றவற்றில் வரிசை எண்ணே ஆண்டை ஏறத்தாழக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி மேற்பரப்புக்கு வருவோம். அதிகக் கேடு நடப்பது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். பழைய கருவியின் பொன்னிறம் வெறும் பித்தளையின் நிறமன்று. அதன் மேல் பூசிய அரக்கு மெருகின் நிறம். அரக்குப் பூச்சியிலிருந்து கிடைக்கும் பிசினை ஆல்கஹாலில் கரைத்து, நிறத்துக்காக மஞ்சளோ, கம்போஜ் என்னும் மஞ்சள் பிசினோ, ‘டிராகன் பிளட்’ எனப்படும் சிவப்புப் பிசினோ சேர்ப்பார்கள். மெருகேற்றிய பித்தளை உறுப்பை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, சூடாக்கி, மென்மயிர்த் தூரிகையால் ஒரே சீராக இழுத்துப் பூசுவார்கள். சூட்டில் ஆல்கஹால் பறந்துவிட, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய படலம் உலோகத்தோடு ஒன்றிவிடும். ஒரே இடத்தில் தூரிகை இரண்டாம் முறை போனால் தழும்பு தெரியும். எனவே இது நல்ல கைப்பழக்கம் வேண்டிய வேலை.

அந்தப் படலம் ஒரு பதிவேடு. குவியத் திருகின் சொரசொரப்பான விளிம்பில் விரல்கள் பட்டுப்பட்டு மெருகு போய்ப் பித்தளை பழுப்பாகியிருக்கும். மேடையில் கண்ணாடித் தகடுகள் உரசிய தடம் இருக்கும். நழுவுகுழாயின் உள்ளே ஒளிந்திருந்த பகுதி மட்டும் பூசிய நாளின் நிறத்தில் இருக்கும். எந்த உறுப்பு எவ்வளவு புழங்கியது என்பது அதில் தெரியும். உலோக மெருகுப் பசையைத் தேய்த்து இதையெல்லாம் அகற்றிவிட்டால் மிஞ்சுவது குத்துவிளக்குபோல் மின்னும் பித்தளை. கடைசலில் கூராக நின்ற விளிம்புகள் மழுங்கிப்போகும், பொறித்த எழுத்தின் ஓரம் கரையும், திருகுத்தலைகளின் பிளவிலும் பற்சட்டத்தின் இடுக்கிலும் பசை வெள்ளையாகக் காய்ந்து நிற்கும். பாதுகாப்புப் படலம் போனதால் சில மாதங்களிலேயே கறுக்கத் தொடங்கும். மறுபடியும் தேய்க்க வேண்டிவரும். முழுவதும் சுரண்டி எடுத்துப் புதிதாக அரக்கு பூசிய கருவிகளும் விற்பனைக்கு வருகின்றன. எல்லா உறுப்பும் ஒரே நிறத்தில், தேய்மானமே இல்லாமல் இருந்தால் சந்தேகிக்கலாம். ஒரு திருகைக் கழற்றிப் பார்த்து, அதன் தலைக்கு அடியில் வட்டமாகப் பழைய நிறம் தெரிகிறதா என்று கவனித்தால் பெரும்பாலும் உண்மை வெளிப்பட்டுவிடும். தகுதியான கைகள் செய்த மறுபூச்சுக்கு இடமுண்டு என்று வாதிடும் மீட்டமைப்பாளர்கள் இருக்கிறார்கள். மெருகு முழுவதும் ஏற்கெனவே அழிந்துபோன கருவிக்கு அந்த வாதம் பொருந்தும். பாதியளவு எஞ்சியிருக்கும் கருவிக்குப் பொருந்தாது.

இதே காரணத்தால் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைப்பதும் கூடாது. அரக்கைக் கரைத்ததே ஆல்கஹால்தான். அதே ஆல்கஹால் அதை மறுபடியும் கரைத்துவிடும். உலர்ந்த மென்துணி, தேவைப்பட்டால் சற்றே ஈரம், பச்சைக் களிம்பு பிடித்த இடத்தில் மட்டும் மரக்குச்சியின் நுனி ஆகியவை பெரும்பாலான கருவிகளுக்குப் போதும். குழாய் அசையவில்லை என்றால் பலம் கொடுத்துச் சுழற்றக் கூடாது. நூறாண்டுக்கு முன் இட்ட மசகு பிசினாக இறுகியிருக்கும். வலிந்து திருப்பினால் பற்சக்கரத்தின் பல் உடையும், அதற்கு மாற்று எங்கும் கிடைக்காது.

கருவியோடு வரும் துணையுறுப்புகள் பல சமயம் கருவியைவிட அதிகம் பேசும். மகோகனிப் பெட்டிக்குள் ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் வடிவில் குழிவு வெட்டியிருப்பார்கள். எந்தக் குழிவு காலியாக இருக்கிறது என்பதைப் பார்த்தாலே எது தொலைந்தது என்று ஊகிக்கலாம். ஒளிபுகாப் பொருளை மேலிருந்து ஒளியூட்ட லீபர்கூன் வகைக் குழியாடி, உயிருள்ள சிறு பூச்சியை நசுக்காமல் அடைத்துவைக்கும் சிறுகூடு, மீனின் வாலில் ரத்தம் ஓடுவதைப் பார்க்க மீனைக் கட்டிவைக்கும் பித்தளைத் தகடு, ஒளியை ஒரே தளத்தில் அதிரச் செய்யும் நிக்கோல் பட்டகம் பொருத்திய முனைவாக்கி எனப் பட்டியல் நீளும். இரு கண்களாலும் பார்க்க உதவும் வென்ஹம் வகை நுண்ணோக்கிகளில், 1860இல் ஃபிரான்சிஸ் வென்ஹம் உருவாக்கிய சிறு பட்டகம் பொருளருகு வில்லைக்குச் சற்று மேலே ஒரு இழுப்பறையில் இருக்கும். விற்பவரே அறியாமல் அது காணாமல் போயிருப்பது உண்டு. இரட்டைக் குழாய் கம்பீரமாக நிற்கும்; இரண்டாவது குழாய் வழியே பார்த்தால் இருட்டாக இருக்கும்.

பொருளருகு வில்லைகளின் அடையாளங்களையும் ஒப்பிட வேண்டும். ஆங்கிலேயர்கள் குவியத்தூரத்தை ஒரு அங்குலம், கால் அங்குலம் என்று பொறித்தனர். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் பெரும்பாலும் எழுத்தையோ வரிசை எண்ணையோ இட்டனர். ராஸ் கருவியில் லைட்ஸ் வில்லை இருந்தால் யாரோ பின்னால் மாட்டியது. அது குற்றமில்லை, ஆனால் விலையில் தெரிய வேண்டும். இதைவிடச் சிக்கலானது, இரண்டு மூன்று கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கியவை. அடியின் மெருகும் குழாயின் மெருகும் வேறு சாயலில் இருப்பது, துளை இருந்தும் அதில் பொருந்த எதுவும் இல்லாதது, கண்ணாடி ஆடியின் தண்டு ஒட்டாமல் ஆடுவது ஆகியவை அதற்கான அறிகுறிகள். அலங்காரத்துக்கென்று இக்காலத்தில் செய்த போலிகளைக் கண்டுபிடிப்பது இதைவிட எளிது. கரடான வார்ப்பு, தளர்ந்த மரை, நட்சத்திரப் பிளவுத் திருகு, அதன் மேல் பிரபலமான லண்டன் பெயர் என்று எல்லாமே ஒன்றோடொன்று முரண்படும். கண் வைத்துப் பார்த்தால் எதுவும் தெளிவாகத் தெரியாது.

18ஆம் நூற்றாண்டுக் கருவிகளோடு வரும் தந்தப் பட்டைகளைப் பற்றி ஒரு சொல். மெல்லிய அப்பிரகத் தகடுகளுக்கு இடையில் மாதிரியை வைத்து, பித்தளை வளையத்தால் பிடித்துவைத்த அழகிய பொருள்கள் அவை. ஆனால் யானைத் தந்த வணிகத்தைப் பல நாடுகள் கடுமையாகக் கட்டுப்படுத்தியுள்ளன. பிரிட்டனில் 2018ஆம் ஆண்டுச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 1947க்கு முந்தைய, பத்து விழுக்காட்டுக்கும் குறைவாகத் தந்தம் கலந்த பொருளுக்கு விலக்கு உண்டென்றாலும் பதிவு செய்தாக வேண்டும். முழுத் தந்தப் பட்டை அந்த வரம்புக்குள் வராது என்பதை வாங்குமுன் கருத வேண்டும்.

20ஆம் நூற்றாண்டு பிறந்ததும் பித்தளையின் மேல் கறுப்புப் பூச்சு ஏறத் தொடங்கியது. அமிலமும் சாயமும் ஆல்கஹாலும் சிந்தும் ஆய்வுக்கூடத்துக்கு அரக்கு மெருகு தாக்குப்பிடிக்கவில்லை. முதலில் அடியும் கையும் கறுத்தன, குழாயும் திருகுகளும் சில காலம் பொன்னிறமாகவே இருந்தன, பிறகு எல்லாமே மாறிவிட்டன. அந்த இடைக்காலக் கருவிகளைச் சேகரிப்போர் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் புழங்குவதற்கு அவைதான் ஏற்றவை. லண்டன் மைக்ராஸ்கோப்பிக்கல் சொசைட்டி 1858இல் வகுத்த பொருளருகு வில்லையின் மரை அளவு, அதாவது 0.8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 36 சுற்றும், பிற்பாடு உலகெங்கும் ஏற்கப்பட்டது. ஆகவே 1890களின் கருவி ஒன்றில் மிகப் பிற்காலத்து வில்லையையும் திருகிவிடலாம். குழாயின் நீளத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: பழைய ஆங்கிலக் கருவிகளுக்குப் பத்து அங்குலம், லைட்ஸுக்கு 170 மில்லிமீட்டர், சைஸுக்கு 160. நழுவுகுழாயில் கோடுகள் பொறித்திருந்தால் அதை இழுத்து உரிய நீளத்துக்குச் சரிசெய்துகொள்ளலாம்.